நுரையீரல் புற்றுநோயைச் செல் பரிசோதனையால் கண்டறிதல்: மாதிரி எடுப்பது முதல் அறிக்கையைப் படிப்பது வரை

எக்ஸ்ரேயிலோ சி.டி. ஸ்கேனிலோ நுரையீரலில் ஒரு கட்டி தெரிந்தால், அது எந்த மடலில் இருக்கிறது, எத்தனை சென்டிமீட்டர், அருகில் உள்ள நிணநீர் முடிச்சுகள் பெருத்திருக்கின்றனவா என்பதையெல்லாம் படமே சொல்லிவிடும். அது என்ன கட்டி என்பதை மட்டும் படத்தால் உறுதியாகச் சொல்ல முடியாது. காசநோயும் பூஞ்சைத் தொற்றும் முழுதாக ஆறாத நிமோனியாவும் படத்தில் புற்றுநோயைப் போலவே தோன்றக்கூடும். அதேபோல், புற்றுநோயைக் காசநோய் என்று நினைத்து மாதக்கணக்கில் மருந்து கொடுத்துவிட்டுப் பிறகு உண்மை தெரியவந்த நோயாளிகளும் உண்டு. ஆகவே சிகிச்சை தொடங்கும் முன் அந்தக் கட்டியின் செல்களை நுண்ணோக்கியில் பார்த்தாக வேண்டும்.

பயாப்ஸியில் ஒரு துணுக்குத் திசு அப்படியே வெட்டி எடுக்கப்படுகிறது. செல் பரிசோதனையில், தானாக உதிர்ந்த செல்களோ, தூரிகையால் உரசியும் ஊசியால் உறிஞ்சியும் எடுத்த செல்களோ கண்ணாடித் தகட்டில் பரப்பிப் பார்க்கப்படுகின்றன. திசு எப்படி அடுக்கப்பட்டிருந்தது என்பது இதில் தெரியாமல் போகலாம். ஆனால் ஒவ்வொரு செல்லின் உட்கருவும் தெளிவாகத் தெரியும். நுரையீரல் புற்றுநோயாளிகளில் பலருக்கு நோய் முற்றிய நிலையில்தான் தெரியவருகிறது. அவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்ய வாய்ப்பில்லாததால், ஊசி முனையில் வந்த அந்தச் சிறு மாதிரிதான் மருத்துவர் கையில் கிடைக்கும் ஒரே சான்று. இது புற்றுநோயா, எந்த வகை, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்ற மூன்று கேள்விகளுக்கும் அந்தச் சிறு மாதிரியே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. செல்களை வீணாக்காமல் இந்த மூன்றாவது கேள்வி வரை கொண்டுசேர்ப்பதுதான் கீழே வரும் ஒவ்வொரு படியின் நோக்கமும்.

முதல் படி: எங்கிருந்து எடுப்பது என்று முடிவு செய்தல்

ஒரே ஊசிக்குத்தில் நோய் எது என்பதும், அது எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதும் சேர்ந்தே தெரியுமானால், அந்த இடத்தைத்தான் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். காறை எலும்புக்கு மேலே கழுத்தில் ஒரு நெறிக்கட்டி தட்டுப்பட்டால், நுரையீரலுக்குள் போகவே தேவையில்லை. அந்த நெறிக்கட்டியில் மெல்லிய ஊசியைச் செலுத்தி உறிஞ்சினால் சில நிமிடங்களில் மாதிரி கிடைத்துவிடும். அதில் புற்றுச் செல் இருந்தால் நோய் கழுத்து வரை வந்துவிட்டது என்பதும் அப்போதே உறுதியாகிவிடும். சி.டி. படத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் அவசரத்தில் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பது விட்டுப்போகிறது. என் அனுபவத்தில் இதைவிட அதிகமாகப் புறக்கணிக்கப்படும் படி வேறில்லை.

கழுத்தில் ஒன்றும் இல்லையென்றால், நுரையீரல் உறையில் நீர் கோத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுவும் இல்லாதபோது, கட்டி பெரிய மூச்சுக்குழாய்களுக்கு அருகில் இருந்தால் மூச்சுக்குழாய்க்குள் மெல்லிய குழாயைச் செலுத்திப் பார்க்கும் பிராங்கோஸ்கோப்பி வழியாகவும், விலா எலும்புகளை ஒட்டிய ஓரப் பகுதியில் இருந்தால் மார்புச் சுவர் வழியாக ஊசி செலுத்தியும் மாதிரி எடுக்கப்படுகிறது.

நோயாளி தன் பங்குக்குச் சில செய்திகளைக் கேட்காமலே சொல்லிவிட வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, முன்பு காசநோய்க்குச் சிகிச்சை பெற்றாரா, மார்பில் கதிர்வீச்சு வாங்கியிருக்கிறாரா, உடலில் வேறெங்காவது புற்றுநோய் வந்து குணமானதா என்பவை அவை. இந்த விவரங்கள் மாதிரியுடன் போகும் படிவத்திலும் எழுதப்பட வேண்டும். மார்பகம், பெருங்குடல், சிறுநீரகம் ஆகியவற்றின் புற்றுநோய்கள் நுரையீரலுக்குப் பரவுவது வழக்கம். பத்து ஆண்டுகளுக்கு முன் மார்பக அறுவை சிகிச்சை நடந்தது என்ற ஒரு வரி படிவத்தில் இருந்தால், நோய்க்குறியியல் மருத்துவர் செய்யும் சோதனைகளே வேறாகிவிடும். கதிர்வீச்சாலும் சில புற்றுநோய் மருந்துகளாலும் நல்ல செல்களே பெருத்து, கோணலாகி, புற்றுச் செல்போலத் தோற்றமளிப்பதால், அந்தச் செய்தி மறைக்கப்பட்டால் தவறான முடிவுக்கே இடமுண்டு.

இரண்டாம் படி: சளி மாதிரி

மாதிரி எடுக்கும் வழிகளில் மிக எளியது சளிப் பரிசோதனை; வலியில்லை, ஊசியில்லை. ஆனால் மாதிரி சரியாக எடுக்கப்படாமல் போவதும் இதில்தான் அதிகம். காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரால் வாயைக் கொப்பளித்துவிட்டு, சில முறை ஆழமாக மூச்சை இழுத்து விட்டு, மார்பின் அடியிலிருந்து இருமி வரும் சளியை அகன்ற வாயுள்ள டப்பாவில் துப்பி மூட வேண்டும். இரவு முழுவதும் சேர்ந்த சளி என்பதால் காலைச் சளியில் செல்கள் மிகுதியாக இருக்கும். தொடர்ந்து 3 நாட்கள் இப்படிக் கொடுப்பது நல்லது. ஒரு நாள் உதிராத செல் மறுநாள் உதிரலாம். சளியே வராதவர்களுக்கு உப்புக் கரைசலை ஆவியாக்கி மூச்சில் இழுக்கச் செய்து வரவழைப்பார்கள். டப்பாவை விரைவில் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். தாமதமாகும் என்றால், செல்கள் கெடாமல் காக்கும் ஆல்கஹால் கலந்த திரவம் உள்ள டப்பாவை முன்பே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

வந்திருப்பது சளியா எச்சிலா என்பதை நுண்ணோக்கி ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும். நுரையீரலின் காற்றறைகளில் தூசியை விழுங்கிக்கொண்டு திரியும் பெருவிழுங்கிச் செல்கள் அங்கே மட்டுமே வாழ்பவை. புகையும் கரியும் உள்ளே கறுப்புப் பொட்டுகளாக அப்பிக்கிடக்கும் அந்தச் செல்கள் தகட்டில் தெரிந்தால், மாதிரி நுரையீரலின் ஆழத்திலிருந்து வந்ததுதான். அவை ஒன்றுகூட இல்லாமல் வாய்ச் செல்கள் மட்டுமே பரவிக் கிடந்தால், அந்தத் தகட்டை எத்தனை மணி நேரம் பார்த்தாலும் பயனில்லை. அதற்கு, மாதிரி போதவில்லை என்றுதான் அறிக்கை தர வேண்டும். “புற்றுச் செல் இல்லை” என்று தருவது நோயாளியை ஏமாற்றுவதாகும்.

எல்லாம் சரியாக நடந்தாலும் சளிப் பரிசோதனைக்கு எல்லை உண்டு. மையப் பகுதிக் கட்டிகளில் ஏறத்தாழ 10-க்கு 7 பேரிடம் இது நோயைக் காட்டிக்கொடுக்கிறது; ஓரத்தில் உள்ள கட்டிகளில் பாதிப்பேரிடம் தவறவிடுகிறது. புகைப்பவர்களுக்கு எக்ஸ்ரேயுடன் சளிப் பரிசோதனையையும் அவ்வப்போது செய்தால் உயிரிழப்பு குறையுமா என்று 1970-களில் அமெரிக்காவில் பெரிய ஆய்வுகள் நடந்தன, குறையவில்லை. எனவே எந்த அறிகுறியும் இல்லாதவர் முன்னெச்சரிக்கையாகச் சளியைச் சோதித்துவிட்டு நிம்மதி அடைவது சரியல்ல. பல ஆண்டுகள் கடுமையாகப் புகைத்தவர்களுக்கு அத்தகைய முன்னறிதல் சோதனையாகப் பயன் தருவது குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன்தான், எக்ஸ்ரே எடுத்துக்கொண்டவர்களோடு ஒப்பிடும்போது அதனால் நுரையீரல் புற்றுநோய் மரணங்கள் 20 சதவீதம் குறைந்ததை 2011-ல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது.

மூன்றாம் படி: மூச்சுக்குழாய் வழியாக

பிராங்கோஸ்கோப்பிக்கு முன் பொதுவாக 6 மணி நேரம் திட உணவு கூடாது. தொண்டையை மரத்துப்போகச் செய்யும் மருந்தைத் தெளித்து, தூக்கம் வரவழைக்கும் மருந்தும் கொடுத்து, மெல்லிய குழாயை மூக்கு அல்லது வாய் வழியாகச் செலுத்துகிறார்கள். கட்டி கண்ணுக்குத் தெரிந்தால் சிறு தூரிகையால் அதன் மேற்பரப்பை உரசி எடுக்கலாம். உப்பு நீரைச் செலுத்தித் திரும்ப உறிஞ்சும் கழுவல் நீரிலும் செல்கள் வரும். தூரிகையும் பயாப்ஸிக் கவ்வியும் கட்டியைக் கலைத்த பிறகு அடுத்த நாள் வரும் சளியில் செல்கள் ஏராளமாக இருக்கும். அதையும் சேகரித்து அனுப்பச் சொல்வது செலவில்லாத நல்ல வழக்கம். சோதனை முடிந்து தொண்டை மரப்பு தெளியும் வரை எதையும் விழுங்கக் கூடாது. சளியில் சிறிது ரத்தக் கீற்று ஒரு நாள் தெரிவது இயல்பு. ரத்தமாகவே துப்பினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மூச்சுக்குழாய்க்கு வெளியே, நெஞ்சின் நடுவில் இருக்கும் நிணநீர் முடிச்சுகளை எட்ட, இபஸ் என்று மருத்துவமனைகளில் அழைக்கப்படும் கருவி பயன்படுகிறது. அதன் முனையில் ஒரு சிறிய அல்ட்ராசவுண்ட் உண்டு. குழாய்ச் சுவருக்கு அப்பால் உள்ள முடிச்சைத் திரையில் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியால் அதைத் துளைத்து உறிஞ்சலாம். இதில் வரிசை முக்கியம். கட்டிக்கு எதிர்ப்பக்கத்தில் உள்ள முடிச்சுகளை முதலில் துளைத்து, பிறகு நடுவில் உள்ளவை, கடைசியாகத்தான் கட்டிக்கு அருகில் உள்ளவை என்று வர வேண்டும். தலைகீழாகச் செய்தால், கட்டியின் அருகே ஊசியில் ஒட்டிய புற்றுச் செல் எதிர்ப்பக்க மாதிரியில் கலந்து, அறுவை சிகிச்சைக்குத் தகுதியுள்ள ஒருவரை நோய் முற்றியவர் என்று ஒதுக்கிவிட நேரும்.

நான்காம் படி: மார்புச் சுவர் வழியாக ஊசி

எஃப்.என்.ஏ.சி. என்று பரவலாகச் சொல்லப்படும் இந்த முறையில், சி.டி. ஸ்கேன் மேசையில் நோயாளியைப் படுக்க வைத்து, தோலை மரக்கச் செய்து, ஊசி கட்டிக்குள் நிற்கிறதா என்று படத்தில் உறுதி செய்த பிறகே உறிஞ்சுகிறார்கள். மூச்சை ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் இழுத்து நிறுத்தும்படி கேட்பார்கள். நுரையீரல் மூச்சுக்கேற்ப மேலும் கீழும் நகர்வதால் சிறு கட்டி எளிதில் ஊசியிலிருந்து தப்பிவிடும். முன்கூட்டியே அந்த மூச்சை நாலைந்து முறை பழகிக்கொண்டு போவது நோயாளிக்கும் மருத்துவருக்கும் நல்லது.

இதன் முக்கியச் சிக்கல், துளை வழியாகக் காற்று கசிந்து நுரையீரல் உறைக்குள் சேர்வது. ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு இது நேர்கிறது; பெரும்பாலோருக்கு அளவு சிறிதாக இருந்து தானே சரியாகிவிடும், சிலருக்கு மட்டும் குழாய் வைத்துக் காற்றை வெளியேற்ற வேண்டியிருக்கும். புகையால் நுரையீரல் ஊதிப்போனவர்களுக்கு வாய்ப்பு அதிகம். அதனால்தான் சோதனைக்குப் பின் சில மணி நேரம் வைத்திருந்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து அனுப்புகிறார்கள். வீடு திரும்பிய பிறகும் மூச்சு முட்டினாலோ நெஞ்சில் கூர்மையாகக் குத்தினாலோ காத்திருக்கக் கூடாது.

இபஸ் ஆனாலும் சி.டி. ஊசி ஆனாலும், முதல் தகட்டை அங்கேயே விரைவாகச் சாயமேற்றிப் பார்க்கும் ஒருவர் உடனிருப்பது பெரும் உதவி. “கட்டியின் செல்கள் வந்துவிட்டன, இனி எடுப்பதை மரபணுச் சோதனைக்கு வையுங்கள்” என்று அவர் அறையிலேயே சொல்லிவிட்டால், நோயாளி இரண்டாம் முறை ஊசிக்கு வர வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: நுரையீரல் உறையில் கோத்த நீர்

எடுத்த நீரில் சிறிதளவை மட்டும் ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு மீதியைக் கொட்டிவிடுவது தவறு. குறைந்தது 50 மில்லிலிட்டர் அனுப்ப வேண்டும். மரபணுச் சோதனையும் தேவைப்படும் என்றால் இன்னும் அதிகம் நல்லது. உடனே அனுப்ப முடியாதபோது குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம்; உறைய வைக்கக் கூடாது. புற்றுநோயால் கோத்த நீரில், முதல் மாதிரியிலேயே புற்றுச் செல் தெரிவது ஏறத்தாழ 60 சதவீதம் பேரிடம்தான். இரண்டாவது மாதிரி இன்னும் சிலரைக் காட்டிக்கொடுக்கும். மூன்றாவது, நான்காவது என்று போவதால் பலன் மிகக் குறைவு. இரண்டு முறை ஒன்றும் தெரியாமலும் சந்தேகம் தீராமலும் இருந்தால், உறையையே நேராகப் பார்த்துத் துணுக்கு எடுக்கும் சோதனைக்கு நகர வேண்டும்.

ஆறாம் படி: தகடு தயாராகும் சில நொடிகள்

இந்தப் படியை நோயாளி பார்ப்பதில்லை. ஆனால் அறிக்கையின் தரம் பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது. ஊசியில் வந்த துளியைத் தகட்டின் ஒரு ஓரத்தில் வைத்து, இன்னொரு தகட்டை அதன் மேல் படியவைத்து, அழுத்தாமல் ஒரே இழுப்பில் பரப்ப வேண்டும். அழுத்தினால் செல்கள் நசுங்கி நூல் நூலாக இழுபடும்; நுரையீரல் புற்றுநோயில் ஒரு வகையான சிறு செல் புற்றுநோயின் செல்கள் மிகவும் மெலிந்தவை என்பதால் அவையே முதலில் சிதைகின்றன. பரப்பிய தகடு, ஈரம் மின்னிக்கொண்டிருக்கும்போதே 95 சதவீத ஆல்கஹாலில் அமிழ்ந்தாக வேண்டும். ஒருமுறை ஆல்கஹால் ஜாடி கைக்கெட்டாத மேசையில் இருந்ததால், நான் எழுந்து போய் வருவதற்குள் தகட்டின் ஓரங்கள் வெண்மையாகக் காய்ந்துவிட்டன. நுண்ணோக்கியில் அந்த ஓரத்துச் செல்களின் உட்கருக்கள் ஊதி, விவரம் அழிந்து, சாம்பல் பூத்ததுபோல் கிடந்தன. நடுவில் ஈரம் தங்கியிருந்த விரலகலப் பகுதிதான் படிக்கும்படி இருந்தது. அன்று முதல் ஜாடியைத் திறந்து பக்கத்தில் வைத்த பிறகே ஊசியைச் செலுத்தச் சொல்கிறேன்.

காற்றில் காயவைத்த தகடும் தேவைதான். அது ஜீம்சா வகைச் சாயத்துக்கு. ஆனால் அதை வேண்டுமென்றே, வேகமாகக் காயவைக்க வேண்டும். இரண்டையும் தனித்தனியே குறித்துவைக்க வேண்டும். தகட்டின் மங்கலான முனையில் பெயரையும் எண்ணையும் பென்சிலால்தான் எழுத வேண்டும். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துபோகும், பெயரில்லாத தகடு எவருக்கும் பயன்படாது.

ஊசியில் மிச்சமிருப்பதைக் கழுவி, மையவிலக்கியில் சுழற்றி, அடியில் படிந்த செல்களைக் கட்டியாக்கி மெழுகில் பதித்தால் அதுவே செல் பிளாக். பயாப்ஸித் திசுவைப்போலவே அதைச் சீவிச் சீவிப் பல சோதனைகள் செய்யலாம். ஆறு தகடுகள் பரப்பிவிட்டுப் பிளாக்குக்கு ஒன்றும் மிச்சம் வைக்காமல் இருப்பதைவிட, இரண்டு தகடுகளோடு நிறுத்திக்கொண்டு மீதியைப் பிளாக்குக்குக் கொடுப்பதே இன்றைய தேவைக்கு ஏற்றது.

ஏழாம் படி: நுண்ணோக்கியின் கீழ்

ஆல்கஹாலில் நிலைத்த தகடுகளுக்குப் பாப்பனிகோலாவ் சாயம் ஏற்றப்படுகிறது. கருப்பை வாய்ப் பரிசோதனையால் புகழ்பெற்ற அதே மருத்துவரின் பெயரைக் கொண்ட இந்தச் சாயம் உட்கருவை நீலக் கருமையாகவும், நகத்திலும் முடியிலும் உள்ள கெரட்டின் என்ற புரதம் நிறைந்த செல்லைப் பளிச்சென்ற ஆரஞ்சாகவும் காட்டும். புற்றுச் செல்லின் உட்கரு செல்லின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு, கறுத்து, விளிம்பு நெளிந்து, ஒன்றைப்போல் ஒன்று இல்லாமல் இருக்கும். இவற்றில் எந்த ஓர் அடையாளமும் தனியாகப் போதாது. பல அடையாளங்கள் பல செல்களில் சேர்ந்து தெரிய வேண்டும்.

வகையும் பெரும்பாலும் இங்கேயே புலப்படும். சுரப்பிச் செல் வகையான அடினோகார்சினோமாவில் செல்கள் திராட்சைக் கொத்துபோலத் திரண்டு, ஓரமாக ஒதுங்கிய உட்கருவும், அதில் பளிச்சென்ற உட்கருமணியும், சில நேரம் சளி நிறைந்த குமிழியும் கொண்டிருக்கும். தட்டைச் செல் புற்றுநோயில் தலைப்பிரட்டைபோல் வால் நீண்ட ஆரஞ்சுச் செல்களும், மைத்துளிபோல் கறுத்துச் சுருங்கிய உட்கருக்களும் தெரியும். சிறு செல் புற்றுநோயிலோ செல்லில் உட்கருவைத் தவிர ஏதும் இல்லையோ என்று தோன்றும். உப்பும் மிளகும் தூவியதுபோன்ற அந்த உட்கருக்கள் இடமில்லாமல் ஒன்றையொன்று நெருக்கி, அடுத்ததன் வடிவுக்கேற்ப வளைந்திருக்கும்.

ஏமாற்றும் தோற்றங்களையும் அறிந்திருக்க வேண்டும். ரத்த ஓட்டம் தடைப்பட்டு நுரையீரலின் ஒரு பகுதி இறந்தபோதும், கடும் நிமோனியாவிலும், காசநோய்க் குழியில் பூஞ்சை வளர்ந்தபோதும் நல்ல செல்கள் அச்சமூட்டும் உருவெடுக்கின்றன. ஆஸ்துமாக்காரரின் சளியில் மூச்சுக்குழாய்ச் செல்கள் கொத்தாக உதிர்ந்து அடினோகார்சினோமாபோல் நிற்கும். ஆனால் அந்தக் கொத்தின் ஓரத்தில் மெல்லிய மயிரிழைகள் தெரிந்தால் அது நல்ல செல்லே.

எட்டாம் படி: வகையும் மரபணுவும்

நுரையீரல் புற்றுநோய்களில் ஏறத்தாழ 85 சதவீதம் சிறு செல் அல்லாதவை. முன்பு அவ்வளவு சொன்னாலே போதும், இன்று போதாது. பெமெட்ரெக்ஸெட் என்ற மருந்து தட்டைச் செல் வகையில் பலன் தருவதில்லை; பெவாசிசுமாப் அந்த வகையில் ஆபத்தான ரத்தக்கசிவை உண்டாக்கக்கூடும். தோற்றம் தெளிவாக இல்லாதபோது செல் பிளாக்கில் நிறமேற்றும் சோதனைகள் உதவுகின்றன: டி.டி.எஃப்-1 அடினோகார்சினோமாவையும், பி40 தட்டைச் செல் வகையையும் சுட்டுகின்றன. சிறு மாதிரியில் இவ்விரண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பத்துப் பன்னிரண்டு நிறமேற்றிப் பார்த்து முடிக்கும்போது மரபணுச் சோதனைக்குத் திசுவே மிஞ்சாது.

ஈ.ஜி.எஃப்.ஆர். மரபணு மாற்றம் உள்ள கட்டிகள் அதற்கென்றே உள்ள மாத்திரைகளுக்குச் சுருங்குகின்றன என்பது 2004-ல் தெரியவந்தது. அதன் பிறகு ஏ.எல்.கே., ராஸ்1, பி.ராஃப், மெட், ரெட், கே.ராஸ் என்று பட்டியல் நீண்டுவிட்டது. எதிர்ப்பாற்றல் சிகிச்சை பலன் தருமா என்று கணிக்க உதவும் பி.டி.-எல்1 சோதனைக்குக் குறைந்தது 100 புற்றுச் செல்களாவது வேண்டும். செல் மாதிரியில் இவையெல்லாம் செய்ய முடியாது என்று சிலர் இன்னும் சொல்கிறார்கள்; போதிய செல்கள் சரியாகப் பதப்படுத்தப்பட்டிருந்தால் பிளாக்கிலும், சில ஆய்வகங்களில் சாயமேற்றிய தகட்டிலிருந்தே கூடவும் செய்ய முடிகிறது.

ஒன்பதாம் படி: அறிக்கையைப் படித்தல்

உலகச் சுகாதார நிறுவனத்தின் சார்பில் 2022-ல் வெளியான முறைப்படி, நுரையீரல் செல் அறிக்கை ஐந்து வகைகளில் ஒன்றாக அமைகிறது: மாதிரி போதவில்லை, தீங்கற்றது, இயல்பு மாறிய செல்கள், புற்றுநோய்ச் சந்தேகம், புற்றுநோய். கடைசி வகை வந்தால் அது தவறாக இருப்பது மிக அரிது. வகையும் மரபணுவும் அறிந்து சிகிச்சையைத் தொடங்கலாம். “மாதிரி போதவில்லை” என்பது விடையே அல்ல. சோதனை இன்னும் நடக்கவில்லை என்றே அதற்குப் பொருள்.

குடும்பங்கள் பெரிதும் தடுமாறுவது “தீங்கற்றது” என்ற சொல்லில்தான். காசநோய்க் கிருமி, பூஞ்சை, அல்லது கட்டியை முழுதாக விளக்கும் வேறொரு காரணம் அறிக்கையில் பெயரிட்டுச் சொல்லப்பட்டிருந்தால் அதை நம்பலாம். சாதாரண மூச்சுக்குழாய்ச் செல்கள் மட்டுமே தெரிந்தன என்று எழுதியிருந்தால், ஊசி கட்டியைத் தொடாமல் பக்கத்தில் போயிருக்கலாம். அப்போது மருத்துவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்தப் படத்தில் தெரியும் கட்டியை இந்த அறிக்கை விளக்குகிறதா? விளக்கவில்லை என்றால் வேறு வழியில் மறுபடியும் மாதிரி எடுக்க வேண்டும், அல்லது குறிப்பிட்ட வாரங்களில் மீண்டும் ஸ்கேன் என்று தேதி குறித்துக்கொள்ள வேண்டும். “இயல்பு மாறிய செல்கள்”, “சந்தேகம்” என்ற இரண்டிலும், படமும் அறிகுறிகளும் அறிக்கையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கப்பட்ட பிறகே அடுத்த அடி வைக்கப்பட வேண்டும்.

வேறொரு மருத்துவமனைக்குப் போவதானால் அறிக்கைத் தாளை மட்டும் எடுத்துச் செல்லாமல், தகடுகளையும் செல் பிளாக்கையும் எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்கிச் செல்ல வேண்டும். தகடுகளை அட்டைப் பெட்டியில் ஒன்றோடொன்று உரசாமல் அடுக்கி, பிளாக்கை வெயில் படாத இடத்தில் வைத்து எடுத்துச் சென்றால், அங்குள்ள நோய்க்குறியியல் மருத்துவர் அவற்றையே மறுபடி பார்த்துக் கருத்துச் சொல்லவும், விடுபட்ட மரபணுச் சோதனையைச் செய்யவும் முடியும். நோயாளிக்கு இன்னொரு ஊசி மிச்சமாகும்.